கடல் கொண்ட கண்டமும் கரும்பலகையில் நான் வரைந்த படமும்

மதிப்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மாதம் எங்கள் பாடாங் செராய் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக நடந்த பேச்சுப் போட்டியில் நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். தமிழின் தொன்மை பற்றிப் பேசிய ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, குரலிலும் உச்சரிப்பிலும் குறை சொல்ல இடம் வைக்காமல் பேசிக்கொண்டு வந்து, முடிக்கும் தறுவாயில், குமரிக்கண்டம் என்று நம் முன்னோர் சொன்னதை லெமூரியா என்ற பெயரால் மேலைநாட்டு விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டு விட்டார்கள் என்றும், பிளாவாட்ஸ்கி அம்மையாரும் ஸ்காட் எலியட்டும் அவ்விஞ்ஞானிகளுள் தலையாயவர்கள் என்றும் கூறினாள். மண்டபம் கைதட்டியது. பேனாவைத் திறந்து வைத்திருந்த எனக்கு மட்டும் மதிப்பெண் தாளில் கை ஓடவில்லை.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பயிற்சி தந்த ஆசிரியை என்னிடம் படித்தவர். 1980-களில், தோட்டப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியனாக இருந்தபோது, தமிழகத்திலிருந்து வந்த ஒரு மாநாட்டு மலரைப் பார்த்து, மடகாஸ்கரிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீண்ட ஒரு நிலப்பரப்பைக் கரும்பலகையில் பச்சைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, சுற்றிலும் நீலம் தீட்டி, ‘இதுதான் நம் தாயகம்’ என்று எழுதிப்போட்டவன் நான். பால்மரம் சீவப் போகும் தாய் தந்தையரின் பிள்ளைகள் அந்தப் படத்தை வாய் பிளந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குமரிக்கண்டம், லெமூரியா என்ற அந்த இரு பெயர்களும் எங்கிருந்து வந்தவை என்று தேடிப் படித்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான்.

லெமூரியா என்ற சொல் பிறந்தது 1864-இல். பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர், மடகாஸ்கர்த் தீவில் மிகுந்து காணப்படும் லெமூர் என்ற விலங்குகளின் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருப்பதற்கு விளக்கம் தேடி, இந்தியப் பெருங்கடலில் முன்பு ஒரு நிலப்பகுதி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். தமிழகத்துக் காடுகளில் வாழும் தேவாங்கும், நம் ஊர்க் காட்டோரங்களில் இரவில் கண்களைப் பெரிதாக விழித்துக்கொண்டு கிளையைப் பற்றியிருக்கும் கொங்காங்கும் லெமூருக்குத் தூரத்து உறவுகளே. ஆகவே அப்பெயரின் மூலத்தில் இருப்பது தமிழரும் அல்லர், மனிதரும் அல்லர். அக்காலத்துக்கு அது நேர்மையான அறிவியல் ஊகம்தான். ஆனால் 1912-இல் ஆல்ஃபிரட் வெகனர் முன்வைத்த கண்டப்பெயர்ச்சிக் கருத்து 1960-களில் நிலத்தட்டுக் கொள்கையாக நிலைபெற்றபோது, கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்துவிட்டதால், மூழ்கிய கண்டம் என்ற ஊகத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று.

அறிவியல் கைவிட்ட அந்தப் பெயர் இன்றுவரை உயிரோடு இருப்பதற்குப் பெருங்காரணம் பிரம்மஞான சபை (தியாசபிகல் சொசைட்டி). ஹெலினா பிளாவாட்ஸ்கி, கர்னல் ஹென்றி ஆல்காட் முதலியோர் 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய அச்சபை, 1879-இல் பம்பாய்க்கும், 1882-இன் இறுதியில் சென்னை அடையாற்றுக்கும் வந்து சேர்ந்தது. மறைஞானிகளான மகாத்மாக்கள் தமக்கு உண்மைகளை உணர்த்துவதாகச் சொன்ன பிளாவாட்ஸ்கி, வேறு எவரும் கண்டிராத பழஞ்சுவடி ஒன்றை ஆதாரமாகக் காட்டி 1888-இல் வெளியிட்ட பெருநூலில், மனிதகுலம் ஏழு மூல இனங்களாக வளர்கிறது என்றும், அவற்றுள் மூன்றாம் இனம் லெமூரியாவில் வாழ்ந்தது என்றும் எழுதினார். அவ்வினத்தார் தொடக்கத்தில் ஆண் பெண் வேறுபாடின்றி முட்டையிலிருந்து பிறந்தனராம். அச்சபையைச் சேர்ந்த ஸ்காட் எலியட் 1904-இல் தந்த வருணனை இன்னும் விரிவானது. அவருடைய லெமூரிய மனிதன் பன்னிரண்டு முதல் பதினைந்து அடி உயரமுள்ளவன். நெற்றி என்று சொல்ல ஒன்றுமில்லாதவன். பேருருவ ஊர்வன ஒன்றைக் கயிற்றில் கட்டி நடத்திச் செல்பவன். இவையெல்லாம் அகழ்ந்தோ அளந்தோ அறிந்தவை அல்ல. ஞானதிருஷ்டியால் கண்டவை என்றே சபையினர் கூறினர். பிளாவாட்ஸ்கி காட்டிய அற்புதங்கள் மோசடி என்று இலண்டனில் இத்தகைய நிகழ்வுகளை ஆராய அமைந்த சங்கமொன்று 1885-இல் அறிக்கை வெளியிட்டதும், அவ்வறிக்கை நடுநிலையானதன்று என்று அதே சங்கத்தின் இதழில் 1986-இல் ஒரு கட்டுரை வந்ததும் தனிக்கதை.

நமக்கு உறைக்க வேண்டியது இன்னொன்று. அந்த ஏழு இனப் படிக்கட்டில் ஐந்தாவது படி ஆரியருக்கு உரியது. லெமூரியரின் மிச்சங்கள் என்று பிளாவாட்ஸ்கி சுட்டியவர்களுள் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அடங்குவர்; அவர்களைத் தேய்ந்துபோன இனமென்றே அவர் கருதினார். கீழே வைப்பதற்காக ஒருவர் கட்டிய படியில் நாமே வலியப் போய் ஏறி நின்றுகொண்டு, அதை அரியணை என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறோம். அதை என் மாணவர்களுக்கும் பாடமாகச் சொன்னேன் என்பதை நினைக்கும்போது எனக்குக் கூசுகிறது.

இதனால் அச்சபையை முழுவதும் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தீண்டாமைக்கு ஆளான பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894-இல் அடையாற்றில் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த முயற்சிக்குத் துணை நின்று அவரை இலங்கைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. நம் பாலர் பள்ளிகளில் பிள்ளைகள் மரக்கட்டைகளையும் மணிச்சரங்களையும் கையால் தொட்டு எண்ணக் கற்கிறார்களே, அம்முறையைத் தந்த மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்ததும் சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பின் பேரில்தான். உலகப்போரால் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். சபையின் ஜெர்மன் கிளைக்குத் தலைவராக இருந்து பின்னர்ப் பிரிந்த ருடால்ஃப் ஸ்டைனர், 1919-இல் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய பள்ளி ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கானது. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, தோட்டக் கணக்கரான கிராணியோ, கங்காணியோ பாடம் சொல்லித்தந்த கொட்டகைகளில் வளர்ந்த ஒரு சமூகத்திலிருந்து பார்க்கும்போது, தொழிலாளியின் பிள்ளைக்கு ஓவியமும் இசையும் தோட்டவேலையும் பாடமாக இருந்ததே என்று எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஸ்டைனர், பிள்ளைக்குப் பால்பல் விழுந்து எழும் ஏழாம் வயதில்தான் அதன் சூக்கும உடல் விடுபடுகிறது என்ற நம்பிக்கையின் மேல் தம் பாடத்திட்டத்தை நிறுத்தினார். நல்ல வகுப்பறைப் பழக்கமும் சபையின் மறைபொருளும் ஒரே பொட்டலத்தில் கட்டி வந்தன. பிரித்துப் பார்த்து வாங்கியவர்கள் பிழைத்தார்கள். பாரதியார் அப்படிப் பிரித்துப் பார்த்தவர். அப்போது அச்சபைக்குத் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் இயக்கத்தை எள்ளி, 1914-இல் பொன்வால் நரியின் கதையொன்றை ஆங்கிலத்திலேயே எழுதினார்.

போட்டி முடிந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தபோது அந்த மாணவியிடம் மெல்ல இதைச் சொன்னேன். முகம் வாடி, “அப்படியென்றால் கடல் கொண்டது பொய்யா, ஐயா?” என்று கேட்டாள். இக்கேள்விக்கு நாம் கவனமாக விடை சொல்ல வேண்டும்.

“பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள” என்பது இளங்கோவடிகளின் வாக்கு. இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களைப் பேசுகிறது. பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையில் எழுநூற்றுக் காவதத் தொலைவும் நாற்பத்தொன்பது நாடுகளும் இருந்தன என்று சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் எழுதினார். குமரிகண்டம் என்ற பெயர் கந்தபுராணத்தில் பாரதத்தின் ஒன்பது கண்டங்களுள் ஒன்றாக வருகிறது. இவை தமிழ் நூல்கள்; இவற்றுள் எதிலும் லெமூரியா இல்லை. கடற்கரை நிலத்தைக் கடல் கொள்வது நடக்கக்கூடியதே என்பதை, 2004-இல் இதே கெடாவின் கோலா மூடாக் கரையில் ஆழிப்பேரலை ஏறியபோது நாமே கண்டோம். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, தமிழகமும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன; நம் தீபகற்பமும் சுமத்திரா, ஜாவா, போர்னியோத் தீவுகளும் தரையால் ஒன்றுபட்டிருந்தன. மலாக்கா நீரிணையைக் கால்நடையாகவே கடந்திருக்கலாம். மூழ்கிய நிலம் வேண்டுமென்றால் அது நம் வாசலிலேயே கிடக்கிறது. ஆனால் மடகாஸ்கரிலிருந்து இந்தியா பிரிந்தது ஏறத்தாழ எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன். அப்போது எந்த மொழியும் பேச மனிதர் இல்லை. 2013-இல் மொரீஷியஸ் மணலில் மிகப் பழைய தாதுத் துகள்கள் கிடைத்த செய்தியை ‘லெமூரியா கண்டுபிடிப்பு’ என்று இன்றும் வாட்சாப்பில் அனுப்புகிறவர்கள், அத்துகள்கள் பல கோடி ஆண்டுகள் பழையவை என்ற வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அதே 2013-இல், நம் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில் ஒன்றின் அடித்தளம் வீடமைப்புப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்டது. பட்டினப்பாலை “காழகத் தாக்கமும்” என்று பாடியது இந்தக் கெடாவை என்று உரையாசிரியர் சொல்கிறார். எங்கள் ஊரிலிருந்து, அப்பள்ளத்தாக்கின் தொல்பொருள்களை வைத்திருக்கும் மெர்போக் அருங்காட்சியகத்துக்கு வண்டியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த ஒரு சிறு உரைகல் கிடைத்திருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்த்த ஒரு தமிழ்த் தட்டான் தன் பெயரை வெட்டி வைத்த கல் அது. என் பணிக்காலம் முழுவதும் ஒரு மாணவனையும் நான் மெர்போக்குக்கு அழைத்துச் சென்றதில்லை. கரும்பலகையில் கண்டம் வரைவது எளிதாக இருந்தது.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியது. அதற்குப் பாடுபட்ட தனிநாயகம் அடிகளார், தமிழாய்வு உலக அறிஞர்கள்முன் நிற்கும் தகுதியோடு இருக்க வேண்டும் என்று விரும்பியவர். அப்படிப்பட்ட நாட்டின் நாளிதழ் என்ற முறையில் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் மாணவர் பகுதியில் குமரிக்கண்டம் பற்றிய கட்டுரைகள் அவ்வப்போது வருகின்றன. அவற்றில் சிலப்பதிகாரம் சொன்னது எது, ஸ்கிலேட்டர் ஊகித்தது எது, பிளாவாட்ஸ்கியின் சபை கண்டதாகச் சொன்னது எது என்று தனித்தனியே குறிப்பிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலே குறித்த மாநாட்டு மலரும், அதைப் பார்த்து நான் எழுதிய பழைய பாடக்குறிப்பேடும் என்னிடம் இருக்கின்றன. தேவையென்றால் படி எடுத்து அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பாடாங் செராய், கெடா.