குதிரை ஏன் வந்தது?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் பிந்தினதற்குச் சீன எழுத்துதான் காரணம், சிரிக்காதே. பீஜிங்கில் இரண்டு வருடம் படித்தவன் சும்மாதானே இருக்கிறான் என்று பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டா. இப்போது பின்விறாந்தையில் ஒன்பது பேர், எல்லாம் ஏழெட்டு வயது. முதல் நாளே ஒரு வாண்டு, "சேர், சீனக்குடாவில இதையா கதைக்கிறவை?" என்று நம் பக்கத்து ஊரை வைத்தே கேட்டான்.

'மனிதன்' என்ற எழுத்துக்கு இரண்டே கோடு. இருபது தரம் எழுதச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தால், அதே வாண்டு இடப்பக்கச் சரிவை மட்டும் பக்கம் முழுக்க இழுத்துவிட்டு, திரும்ப மேலே வந்து வலப்பக்கச் சரிவைப் போட்டுக்கொண்டு போகிறான். வேலி அடைக்கிறான்! நாங்கள் வாத்தியார் தந்த தண்டனையை எழுதி முடித்ததும் இப்படித்தானே.

கொப்பியை மூடிவிட்டு, ஏடு தொடக்குகிற மாதிரி சுளகில் அரிசி பரப்பினேன். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக் கோடு முந்தி. 'மரம்' நாலு கோடு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே விரலால் எழுதவேண்டும். இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. மரத்தோடு மனிதன் நின்றால் இளைப்பாறல். வேலிக்காரன் எழும்பிப் போய் முற்றத்து வேம்பில் சாய்ந்தே காட்டினான்.

படத்தை வைத்தே ஓட்டிவிடலாம் என்றிருந்தேன். 'அம்மா' வந்து கெடுத்தது. பெண்ணுக்குப் பக்கத்தில் குதிரை. "என்ட அம்மா குதிரையில்ல சேர்!" என்று ஒருத்தி எழும்பிவிட்டாள். குதிரைக்குச் சீனத்தில் 'மா' என்று பெயர், அது ஓசை சொல்லத்தான் நிற்கிறது, பொருள் பெண்ணிடம் என்று விளக்கினேன். சீன எழுத்தில் பெரும்பங்கு இப்படிப் பொருளுக்கொன்று ஓசைக்கொன்றாக ஒட்டினவை. முதல் மாதமே சொல்லியிருக்கவேணும், என் பிழை. அடுத்த கிழமை வாயும் குதிரையும் சேர்ந்த எழுத்தைக் காட்டினேன். நான் வாய் திறக்கமுன் அவளே "மா!" என்றாள். நம்முடைய 'வந்தானா'வில் வரும் ஆ மாதிரி, கேள்வியின் கடைசியில் வருவது அது.

நமக்கு 247 எழுத்து, அதற்கே பட்ட பாடு தெரியும். சீனா 1988இல் வெளியிட்ட அன்றாட எழுத்துப் பட்டியலில் 3,500. என் ஆட்களிடம் இப்போது 42. அவசரமில்லை.

மார்கழியில் வருகிறாய்தானே? காலி நகரில் எடுத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். தெரிந்த எழுத்து ஏதும் அகப்படுமா என்று பிள்ளைகள் தேடட்டும். வான் கூலியில் பாதி உன் தலையில், இப்பவே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்