புளியடியில் நின்றவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 14 வருசமாக மரம் தறிக்கிற, கொப்பு இறக்குகிற வேலை செய்து வருகிறேன். போன புரட்டாதியில் மெசின் வாள் என் இடது முன்கையை வெட்டிவிட்டது. அன்றைக்கு என்னை மரத்திலிருந்து இறக்கியவர்களுக்கும் அதற்குப் பிறகு தாங்கியவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று பலமுறை எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். இப்போது கை மடங்குகிறது, விரல்கள் பொத்துகின்றன. இனியும் பிந்தினால் அது சரியில்லை.

2020 டிசெம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையோரம் வந்த பிறகு, வீட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிற கொப்புகளை மாரிக்கு முன்னமே இறக்கிவிட வேண்டும் என்ற பயம் சனத்துக்கு வந்துவிட்டது. அதனால் ஆவணி, புரட்டாதியில் எங்களுக்கு ஓய்வே கிடையாது. அன்றைக்கும் அப்படித்தான் ஒரு வளவில் பெரிய புளியில் ஏறினேன். ஏற முன்னம் அந்த வீட்டு அம்மா கிட்ட வந்து சொன்னா: "மோனை, இந்தப் புளிக்குக் கீழதான் எங்கட பங்கர் இருந்தது. ஷெல் விழுந்த மரம். பாத்து வெட்டு."

ஓமம்மா என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அவ சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

வன்னியில் இந்தத் தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும், எங்கள் மரங்களுக்குள் இரும்பு இருக்கிறது. 2009இல் சண்டை நேரம் பாய்ந்த ஷெல் சிதறல்களையும் சன்னங்களையும் மரம் வெளியே தள்ளாது. வருசா வருசம் மேலே புது மரம் வளர்ந்து மூடிவிடும். வெளியே பார்த்தால் நல்ல பட்டை, உள்ளே துண்டு. முழு வேகத்தில் வாளின் சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றர் அளவில் ஓடும். அது இரும்பில் பட்டால் பல்லு உடையும், சிலவேளை வாள் துள்ளும். என்னுடையது துள்ளியது. வலது கையால் மட்டும் வாளைப் பிடித்து, இடது கையால் கொப்பைப் பிடித்திருந்தேன். அது என் பிழை. இரண்டு கையும் வாளில் இருந்திருந்தால், துள்ளும்போது முன்னால் இருக்கிற காப்பில் இடது கை பட்டுச் சங்கிலி நின்றிருக்கும். அன்றைக்கு என் இடது கை வாள் வருகிற வழியில் இருந்தது. அதே துள்ளலில் நான் கட்டியிருந்த பெரிய கயிறும் அறுந்தது.

நான் விழவில்லை. அதற்கு முதல் நன்றி கனடாவில் இருக்கிற என் மச்சானுக்கு. அவரும் அங்கே மரவேலைதான் செய்கிறார். அதற்கு முதல் வருசம் பார்சலில் ஒரு இடுப்புப் பட்டியும், உள்ளே கம்பி ஓடுகிற ஒரு குட்டைக் கயிறும் அனுப்பியிருந்தார். "மேலே வாள் பிடிக்கிற நேரம் இரண்டு இடத்தில் கட்டியிரு, அதில் ஒன்று வாள் அறுக்காததாய் இருக்கட்டும்" என்று போனில் திரும்பத் திரும்பச் சொல்லுவார். பாரமாக இருக்கிறது என்று பல நாள் நான் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் என் மனிசிதான் அதை எடுத்துச் சைக்கிள் காண்டிலில் கொழுவிவிட்டா. மச்சான், நீங்கள் அனுப்பிய அந்த ஒன்றரை முழக் கயிற்றில்தான் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். அதில் வாள் பட்ட அடையாளம் இருக்கிறது. கம்பி அறவில்லை.

கீழே கயிறு பிடித்து நின்றவன் என் அக்காவின் மகன். வயசு 19. நான் கத்தியதும் அவன் ஓடிவந்து அண்ணாந்து நின்று அழுதிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் அப்படிச் செய்யவில்லை. "மாமா, கையை மேல தூக்குங்கோ! மற்றக் கையால அமத்திப் பிடியுங்கோ! கீழ பாக்காதேங்கோ!" என்று மூன்று சொல் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் மயங்காமல் இருந்தேன்.

அடுத்த வளவில் பனையில் நின்ற அண்ணை சத்தம் கேட்டு இறங்கி ஓடிவந்தார். கள்ளுச் சீவுகிறவர். பனை ஏறக் காலில் போடுகிற தளநார் புளிக்கு உதவாது, அடிமரம் அவ்வளவு பெரிசு. வெறுங்காலோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் ஏணி வைத்து ஏறிய மரத்தில் அவர் ஏணியைத் தொடாமலே ஏறினார். தலைத்துண்டை அவிழ்த்து என் கையைச் சுற்றி இறுக்கினார். கொப்பு இறக்குவதற்காக மேல் கவரில் போட்டிருந்த கயிறை என் பட்டியில் முடிந்தார். கீழே மருமகன் அந்தக் கயிறைப் பக்கத்து வேம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ஒரு குலுக்கல் இல்லை. வீட்டு ஓட்டுக்கு மேலே ஒரு பாரக் கொப்பை இறக்குகிற அதே பக்குவத்தில் என்னை இறக்கினான். அண்ணை எனக்குப் பக்கத்திலேயே கிளை கிளையாக இறங்கி வந்தார், கையை விடவேயில்லை.

கீழே அந்த அம்மா தன்னுடைய பருத்திச் சேலையைக் கிழித்து வைத்திருந்தா. காயத்தைத் திறந்து பார்க்கவில்லை, கோப்பித்தூள் போடவில்லை, குடிக்கத் தரவுமில்லை. துணிக்கு மேலே துணி வைத்து, தன் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு மண்ணில் இருந்தா. அவவின் மகள் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, கோயிலடியில் திரும்ப வேண்டிய ஒழுங்கை வரைக்கும் விளங்கச் சொன்னா. வந்த இரண்டு பேரும் மேல் கையில் பட்டி கட்டி, கட்டிய நேரத்தைப் பேனையால் என் தோலிலேயே எழுதினார்கள். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே கேட்டார்கள். காசில்லாமல் ஓடுகிற அந்த வண்டி 2018இல்தான் வடக்குக்கு வந்தது. அது வந்த பிறகு காயப்பட்டது என் நல்லகாலம்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அறுந்த நரம்புகளையும் தசைநார்களையும் பொருத்திய டொக்டர்மாருக்கும், இரவில் இரண்டு மணிக்கும் விரல் நுனியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்த நேர்ஸ்மாருக்கும் என் கும்பிடு. ஆறு கிழமை கையில் மட்டை கட்டியிருந்தது, அதற்குப் பிறகு பயிற்சி. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு ரப்பர் பந்தைக் கையில் தந்த பிள்ளையை நான் கோபத்தில் பேசியும் இருக்கிறேன். தங்கச்சி, மன்னியுங்கோ.

எங்களோடு போட்டியாக வேலை எடுக்கிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. பாதி வெட்டிய கொப்பு கூரைக்கு மேலே நின்றதால் மறுநாளே அவர்கள் போய் வேலையை முடித்தார்கள். முழுக்கூலியையும் கொண்டுவந்து என் மனிசியின் கையில் கொடுத்தார்கள். பெற்றோல் காசு கூட எடுக்கவில்லை. இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணிவெடி அகற்றுகிற வேலைக்குப் போகிற எங்கள் அயல் தங்கச்சி ஒரு பின்னேரம் வந்திருந்து, மரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தா. பட்டையில் காரணமில்லாத குழி, அதைச் சுற்றி வீக்கம், வெட்டும்போது மரத்தில் தெரிகிற கறுநீலக் கறை. கறையைக் கண்டால் வாளை நிற்பாட்டு, பொருளாகத் தெரிந்தால் தொடாதே, இறங்கிப் பொலிசுக்குச் சொல்லு. இப்போது எந்த வளவுக்குப் போனாலும் விலை பேச முன்னம் நான் கேட்பது: இங்கே பங்கர் இருந்ததா, ஷெல் விழுந்ததா?

தொழில் அலுவலகத்தில் எனக்காக ஒரு மணித்தியாலம் ஒதுக்கிய ஐயாவுக்கும் நன்றி. முன்பு நான் கூலிக்குப் போன ஓரிடத்தில் ஒருவர் கொப்போடு விழுந்தார். அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஐயா அதை விளங்கப்படுத்திவிட்டு, "உங்கட பெடியளுக்குக் கூலி குடுக்கிறது ஆர்? நீங்கள்தானே. அப்ப அவங்களுக்கு ஏதும் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு" என்றார். அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த கிழமையே மருமகனுக்கும் மற்ற இரண்டு பெடியளுக்கும் ஹெல்மெட், கண்ணாடி, அவரவருக்குக் கம்பிக் கயிறு என்று எல்லாம் எடுத்தேன். கடனுக்குத் தந்த கடைக்கார அண்ணைக்கும் இந்த இடத்திலேயே நன்றி.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டு வரும் வழியில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். மனிசி ஒரு பருத்திச் சேலை வாங்கி வைத்திருந்தா. அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு பேணியைக் கொண்டுவந்து திறந்தா. புளியிலிருந்து எடுத்த சிதறல். பாதி பிஸ்கட் அளவு, ஒரு விளிம்பில் என் சங்கிலியின் கீறல் பளபளத்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தா. என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தா.

வருகிற திங்கட்கிழமை திரும்ப வேலை தொடங்குகிறோம். ஒரு வேம்பு, பெரிய மரமில்லை. மருமகன் ஏறுகிறான். கீழே கயிறு பிடிப்பது நான்.