உடைய வேண்டிய போல்ட்: உழவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

ஒடுகத்தூர் வட்டாரம், வேலூர் மாவட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் மூத்த உறுப்பினர்கள் இருவரை இழந்திருக்கிறோம். அவர்களில் ஒருவர், 2017–18இல் கூட்டுப்பண்ணையத் திட்டம் வந்தபோது வீடு வீடாக ஏறி இறங்கியவர். 20 பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்தைத் திரட்டி 100 பேரை ஒரு குடையின் கீழ் சேர்த்தார். அரசு தந்த 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியில் வாங்கிய சுழல் கலப்பையும் (ரோட்டாவேட்டர்) பவர் டில்லரும் கடலைக்காய் பறிக்கும் இயந்திரமும்தான் இன்றுவரை நம் சொத்து. கருவிகள் வந்திறங்கிய அன்றே அவர் ஒரு கேள்வி கேட்டார்: "பொதுக் கருவிக்கு எண்ணெய் போடுவது யார் வேலை?" அன்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இந்த ஆண்டு நடந்தவற்றைச் சொல்லும்போது அந்தக் கேள்விதான் என் காதில் ஒலிக்கிறது.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு உறுப்பினர்கள் ஒரு நாள் சென்று வந்தார்கள். உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்ய இளைஞர்கள் பலருக்கு உதவினார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதில் பழுதுபார்ப்பு என்ற தலைப்பில் உள்ள தொகையைக் கண்டு நீங்கள் திகைப்பீர்கள். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியது என் கடமை.

ஆடி இரண்டாம் வாரம் நல்ல மழை. மூன்றாம் நாள் மண் பதமாக இருந்தது. மலையடிவாரக் கொல்லைகளில் கடலை விதைக்க ஒரே நேரத்தில் பதினொரு பேர் சுழல் கலப்பை கேட்டு எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்து நிலம் உங்களுக்குத் தெரியும், மேலே செம்மண், அரை அடிக்குக் கீழே சரளை, நடுநடுவே உருண்டைக் கல். டிராக்டரின் என்ஜின் விசையை வெளியே தரும் பி.டி.ஓ.விலிருந்து கலப்பைக்குப் போகும் தண்டில் ஒரு ஷியர் போல்ட் இருக்கிறது. கத்திகளுக்கிடையே கல் சிக்கிச் சுழற்சி தடைபட்டால் அந்த போல்ட் முறிந்து, தண்டு மட்டும் சும்மா சுற்றும். கியர் பெட்டி தப்பிக்கும். முறிவதற்காகவே செய்த போல்ட் அது. அன்று காலையில் மூன்று முறை முறிந்தது. கையிருப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த கொல்லைக்காரர் வரப்பில் காத்திருக்கிறார். ஓட்டுநர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "லாரிப் பட்டறையில் கெட்டியான போல்ட் இருக்கிறது, போட்டால் இனி உடையாது." நானும் சரி என்றேன். முடிவு என்னுடையது, ஓட்டுநர் மீது பழியில்லை.

கெட்டியான போல்ட் உடையவில்லைதான். நான்காவது கொல்லையில் தேங்காய் அளவு கல் ஒன்று கத்திகளுக்குள் ஏறியதும், போல்ட்டுக்குப் பதிலாகக் கியர் பெட்டிக்குள் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் இரண்டும் பல் உதிர்ந்தன. பெட்டியின் வார்ப்பும் விரிசல் விட்டது. கழற்றிப் பார்த்தபோது கருத்த எண்ணெயில் உடைந்த பற்கள் புளியங்கொட்டைபோலக் கிடந்தன. ஷியர் போல்ட் ஒன்று 30 ரூபாய். பழுதுபார்த்த செலவு 27,600 ரூபாய்.

போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8, 10.9, 12.9 என்று எண் பொறித்திருக்கும். எண் ஏற ஏற வலு ஏறும். ஷியர் போல்ட்டுக்கு வலு ஏறுவது நல்லதல்ல. கையேட்டில் எந்த எண் சொல்லியிருக்கிறதோ அதுதான், அதே தடிமனில்.

ரூபாயைவிட எனக்கு வலிப்பது வேறு. கலப்பை 17 நாள் பட்டறையில் கிடந்தது. வசதி உள்ளவர்கள் கூடுதல் வாடகை கொடுத்துத் தனியார் டிராக்டரை அழைத்துக்கொண்டார்கள். கணவரை இழந்த நம் உறுப்பினர் ஒருவருக்கு 80 சென்ட் கொல்லைதான் வாழ்வு. அவரால் முடியவில்லை. ஈரம் காய்ந்து, அடுத்த மழைக்குக் காத்திருந்து, ஆவணி பிறந்த பின்தான் விதைத்தார். மற்றவர்கள் நவம்பர் பாதிக்குள் கடலையைப் பிடுங்கிக் காயவைத்துவிட்டார்கள். அவருடைய செடி முற்றி நின்ற வேளையில், நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கொத்து ரக நிலக்கடலையின் விதைக்கு உறக்கக் காலம் இல்லை. முற்றிய காயின் மீது மழை நின்றால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ஒரு செடியைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். காய் ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளை முளைகள் விரலளவு எட்டிப்பார்த்தன. அவர் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை.

பவர் டில்லரின் கதை இத்தனை வேகமானதல்ல, மெல்ல நடந்தது. அதன் காற்று வடிகட்டி எண்ணெய்க் கிண்ணம் வைத்தது. உள்ளே வரும் காற்றின் தூசியை அந்த எண்ணெய் பிடித்துக்கொள்ளும். புது எண்ணெய் எதற்கு என்று, என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயையே நம்மவர்கள் கிண்ணத்தில் ஊற்றிவந்திருக்கிறார்கள். அதையும் மாற்றிப் பல மாதம். தை மாதம் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் கேழ்வரகுக் களிபோல் கெட்டியாக மண் உறைந்திருந்தது. மேலே எண்ணெய் ஒரு பூச்சுதான். பிடிக்க இடமில்லாத தூசி சிலிண்டருக்குள் போய், அதன் உட்சுவரான லைனரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள்போல் தேய்த்துவிட்டது. நீலப் புகை வந்ததையும், எண்ணெய் அடிக்கடி குறைந்ததையும் பலரும் பார்த்திருக்கிறார்கள். டில்லருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். புழுதி உழவு நாட்களில் கிண்ணத்தைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

கிணற்று மோட்டார்கள் சங்கத்தின் சொத்தல்ல. ஆனாலும் மூன்று உறுப்பினர்களின் மோட்டார் ஒரே கோடையில் எரிந்தன என்பதால் சொல்கிறேன். மூன்று பெட்டிகளிலும் ஃபியூஸ் கட்டையில் உரிய கம்பிக்குப் பதில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று செய்த வேலை. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுந்ததும் மற்ற இரண்டில் மின்னோட்டம் ஏறியது. உருக வேண்டிய கம்பி உருகவில்லை, உள்ளே சுருள் எரிந்தது. ஒரு முனை போனால் மோட்டாரைத் தானே நிறுத்தும் ரிலே ஒரு வீட்டில் இருந்தும், அடிக்கடி நிறுத்துகிறது என்று அதன் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். உழவனுக்கு மின்சாரம் இலவசம், சுருள் கட்டுவது இலவசமில்லை. ஃபியூஸ் அடிக்கடி போனால் மோட்டாரோ மின்வழியோ நம்மிடம் ஏதோ சொல்கிறது. மின்பணியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

அடுத்தது பணத்தில் அடங்காதது. கடலைக்காய் பறிக்கும் இயந்திரத்துக்கு டிராக்டரின் பி.டி.ஓ.விலிருந்து வரும் தண்டின்மேல் ஒரு மூடி இருந்தது. கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்டுவது நேரம் பிடிக்கிறது என்று ஒருநாள் கழற்றியவர்கள் மாட்டவேயில்லை. கார்த்திகையில் வேலைக்கு வந்த ஒரு சகோதரியின் முந்தானை தண்டில் சுற்றிக்கொண்டது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 9. கத்த நேரமில்லை. பழைய நூல் சேலை என்பதால் அது கிழிந்ததோடு போயிற்று, அவர் பிழைத்தார். புதிய பாலியஸ்டர் சேலையாக இருந்திருந்தால் கிழிந்திருக்காது. அன்று மாலையே தகரம் வளைத்துப் புது மூடி மாட்டினோம். மூடி இல்லாமல் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு இனி எந்தக் கருவியும் கொடுப்பதில்லை என்று குழு முடிவெடுத்தது. இதில் உறவு, வயது, பதவி எதுவும் பார்க்கப் போவதில்லை.

தென்னந்தோப்புகளில் புல் வெட்டும் கருவிக்குப் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் குறைத்துக் கலந்து பிஸ்டன் இறுகிய இரண்டு சம்பவங்களும் உண்டு. கையேட்டில் உள்ள அளவைப் பெயிண்ட்டில் கருவியின் மேலேயே எழுதிவிட்டோம்.

நல்லதும் நடந்தது. நவரை நெல் பட்டத்துக்குக் கழனி சேறடித்தபோது சுழல் கலப்பை ஒரு நாளும் நிற்கவில்லை. ஓட்டுநர் இப்போது இருக்கைக்கு அடியில் ஒரு டப்பாவில் பத்து ஷியர் போல்ட் வைத்திருக்கிறார். முறிந்த ஒவ்வொன்றையும் எறியாமல் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறார். எந்தக் கொல்லையில் கல் அதிகம் என்பது அந்தக் குவியலிலிருந்தே தெரிகிறது. அங்கே முதலில் கொக்கிக் கலப்பை ஓட்டிக் கல் பொறுக்கிய பிறகுதான் சுழல் கலப்பை இறங்கும்.

பொதுக்குழு முன் இரண்டு கோரிக்கைகள். வாடகையில் மணிக்கு 50 ரூபாயைத் தனியாக எடுத்துப் பராமரிப்புக் கணக்கில் போட வேண்டும், அதை வேறு செலவுக்குத் தொடக்கூடாது. மாதச் சம்பளத்துக்கு ஒருவரைக் கருவிக் காப்பாளராக நியமிக்க வேண்டும். ஓடிய மணி, மாற்றிய எண்ணெய், அடித்த கிரீஸ் எல்லாவற்றையும் அவர் கையெழுத்தோடு நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் கையெழுத்து இல்லாத நாளில் கருவி கொட்டகையை விட்டு வெளியே போகாது. சம்பளத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு, 27,600 ரூபாய் ரசீது கோப்பில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

80 சென்ட் கொல்லைக்காரச் சகோதரிக்கு வரும் ஆடியில் முதல் உழவு, வாடகை இல்லாமல், சங்கத்தின் சார்பில் செய்து தர வேண்டும் என்பதை என் சொந்த வேண்டுகோளாக வைக்கிறேன். ஓட்டுநர் தன் கூலியை விட்டுக்கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்