புது வண்டியும் புதுப் பையன்களும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்பதில் ரொம்ப மகிழ்ச்சி. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? நம் தீயணைப்பு ஸ்டேஷன் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சொல்ல நிறைய இருக்கிறது.

நாம் ஓட்டித் தேய்த்த பழைய வண்டியைக் கழித்துவிட்டு, தண்ணீர் டேங்கோடு வரும் தீயணைப்பு வண்டி, அதுதான் வாட்டர் டெண்டர், புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கொள்ளளவு அதே 4,500 லிட்டர்தான். ஹோஸ் முனையில் மாட்டும் பிராஞ்ச், நிமிடத்துக்கு 450 லிட்டர் போகும் ஒன்றைத் திறந்தால் பத்தே நிமிடத்தில் டேங்க் காலி. வைக்கோல் போர் பற்றினால் அது எந்த மூலைக்கு? அதனால் புதுப் பையன் ஒருவன் ஒரு நோட்டு போட்டிருக்கிறான். எந்தத் தோட்டத்துக் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், கிணற்றுமேடு வரை வண்டி போகுமா, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதியிருக்கிறான். ஏழு மீட்டருக்குக் கீழே போய்விட்டால் நம் பம்ப் இழுக்கத் திணறும் என்பதால், அந்தக் கிணறுகளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறான். எனக்கு அந்த நோட்டு வண்டியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பையன்கள் எல்லாரும் தாம்பரம் பயிற்சி முடித்து வந்தவர்கள். பத்தாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு பி.இ. படித்தவனும் வந்திருக்கிறான். ஆள் சேர்ந்தது சரி, ஓட்டுநர்தான் பற்றவில்லை. இருப்பவர் பாம்பு பிடிக்கும் அழைப்புக்குச் சின்ன வண்டியை எடுத்துப் போய்விட்டால், பெரிய வண்டி தண்ணீரோடு ஷெட்டில் நிற்கிறது. அந்த நேரத்தில் மணி அடித்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

மூச்சுக் கருவி டிரில்லை இப்போது விடாமல் செய்கிறோம். முகமூடிக் கண்ணாடியில் கறுப்புத் துணி ஒட்டி, இருட்டுக் குடோனுக்குள் விட்டு, ஹோஸைத் தடவிக்கொண்டே வெளியே வரச் சொல்கிறேன். சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது, அரை மணி நேரம் தாங்கும் என்று நினைத்துத்தான் உள்ளே போகிறார்கள். பயத்தில் மூச்சு வாங்கினால் காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் எவ்வளவு சீக்கிரம் கத்துகிறது என்பதை அங்கேதான் புரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் என் கவலை கிணறுதான் மாப்ளே. விஷவாயு அறியும் கருவி வந்திருக்கிறது. ஆள் இறங்குமுன் அதைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கிறோம். நம் காலத்தில் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்த விளக்கு ஆக்சிஜன் குறைந்தால்தான் அணையும். டீசல் எஞ்சின் ஓடிய கிணற்றில் கார்பன் மோனாக்சைடு தேங்கியிருந்தால், அது எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த வகையில் கருவி பெரிய வரம். ஆனால் மயங்கிக் கிடப்பவனை நாற்காலி முடிச்சில் உட்கார வைத்து, பாறையில் தலை மோதாமல் மேலே ஏற்றுவது கையில் இருக்கும் வித்தை. அது உன்னோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. நான் போட்டுக் காட்டுகிறேன், பையன்களும் போடுகிறார்கள். ஆனால் ஆள் எடை விழுந்ததும் முடிச்சு இடுப்புப் பக்கம் நழுவுகிறது. நீ தொடைக்கும் அக்குளுக்கும் இரண்டு வளையத்தையும் அளந்து இறுக்குவாயே, அந்த அளவு எனக்குக் கைவரவில்லை. பதவியை நிரப்ப ஆள் போடுவார்கள், இதை நிரப்ப நீதான் வர வேண்டும்.

ஏப்ரல் 14 ஊருக்குப் புத்தாண்டு. நமக்கு 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிப்பில் உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களின் நாள். அன்று தொடங்கி 20 வரை தீத்தொண்டு வாரம். அந்த வாரத்தில் இரண்டு நாள் வந்து என் வீட்டில் தங்கு. நிலைய அலுவலரிடம் பேசிவிட்டேன், அவருக்கும் சந்தோஷம். ஊர் எல்லையில் தண்ணீர் வற்றிய கல்கட்டுக் கிணறு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நீ மேலே நின்று சொன்னால் போதும், இறங்குவது பையன்கள் பாடு. டிக்கெட் போட்டதும் எந்த வண்டி என்று போனில் சொல், ரயில் நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய டூட்டி நண்பன்