கையில் இருக்கும் சிமிழ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மியூசியத்தில் எடுத்து நீ அனுப்பிய மகதலா மரியா படம் வந்தது. "ஏம்மா, இவங்க எல்லாப் படத்துலயும் முடிய விரிச்சுப் போட்டு அழுதுட்டே இருக்காங்க?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பஸ் வந்துவிட்டது என்பாய், அதனால் எழுதுகிறேன்.

பைபிளில் லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தை எடு. பரிசேயர் வீட்டு விருந்தில் ஒரு பெண் நுழைந்து, இயேசுவின் காலைக் கண்ணீரால் நனைத்து, கூந்தலால் துடைத்து, முத்தமிட்டு, தைலம் பூசுகிறாள். பாவியான பெண் என்பதோடு சரி, பெயர் கிடையாது. அடுத்த அதிகாரத்தில்தான் மகதலா மரியா வருகிறார். ஏழு பேய்கள் நீங்கியவர். சொந்தக் காசைச் செலவழித்து இயேசுவோடு ஊர் ஊராக நடந்தவர். இருவரும் ஒருவர் என்று லூக்கா எங்கும் சொல்லவில்லை.

591 வாக்கில் ரோமில் பிரசங்கம் வைத்த திருத்தந்தை பெரிய கிரகோரியார், இந்த இருவரையும் லாசருவின் சகோதரியான பெத்தானியா மரியாவையும் சேர்த்து ஒரே ஆளாக்கிவிட்டார். ஏழு பேய் என்றால் எல்லாப் பாவங்களும்தான் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 590-இல் ரோமில் கொள்ளைநோய். அவருக்கு முந்திய திருத்தந்தையே அதில் போய்ச்சேர்ந்தார். பயந்து கிடந்த ஜனங்களுக்கு, எப்பேர்ப்பட்ட பாவியும் திரும்பி வரலாம் என்று காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. கிழக்குத் திருச்சபையார் மூவரையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கடுப்பெல்லாம் வேறிடத்தில். 1260-களில் யாக்கோபு தெ வொராஜினே என்ற தொமினிக்கன் துறவி தொகுத்த புனிதர் கதைகளில், மரியா சுக்கான் இல்லாத கப்பலில் பிரான்சின் மார்சேயில் வந்து இறங்கிப் பிரசங்கம் செய்கிறார். ஊரே அவர் பேச்சில் சொக்கிப்போகிறது. அந்தப் பேச்சுக்கு என்ன காரணமாம்? ஆண்டவர் பாதத்தை முத்தமிட்ட வாய், அது மணக்காமல் வேறெது மணக்கும் என்கிறார் துறவி. பார்த்தாயா, முத்தமிட்டவள் அந்தப் பெயரில்லாத பெண்! மரியாவின் வாய்க்குச் சொந்தமாகவே ஒன்று இருந்ததே. யோவான் 20-இல், உயிர்த்த இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் "ரபூனி", அதாவது போதகரே, என்று திரும்பி, பிறகு சீடர்களிடம் போய் "ஆண்டவரைக் கண்டேன்" என்றவர் அவர்தான். அதற்காகவே அந்தத் துறவி வாழ்ந்த அதே 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அவரைத் திருத்தூதர்களுக்கே திருத்தூதர் என்று எழுதினார். கல்லறை வாசலில் அவர் அழுதது உண்மைதான். ஆனால் அது பாவத்துக்காக அழுத அழுகை இல்லை, ஆளைக் காணோமே என்று அழுதது.

1969-இல் ரோம் தன் திருநாள் காலண்டரைத் திருத்தியபோது இந்தக் குழப்பத்தைக் கைவிட்டது. இயேசுவின் பாடுகளை நடிக்கும் நம் ஊர் பாஸ்கா நாடகக்காரர்களுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை போல. நான் மரியாவாக மேடை ஏறிய வருடமும் அழுகை மட்டும்தான், ஒரு வரி வசனம் கிடையாது.

அப்புறம், அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார். கையில் சிமிழ் இருக்கிறதா? இருந்தால், அது விருந்து வீட்டுத் தைலமா, கல்லறைக்கு எடுத்துப்போன நறுமணப் பொருளா? பின்னால் எங்காவது கல்லறை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்
அம்மா