கதைப் புத்தகம் கொடுங்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவள் நான். அரசுப் பள்ளிக்கு யாராவது புத்தகம் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று செய்தி வந்தால் அதை இன்னொரு தரம் படிப்பேன். பல்லடம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். கொடுக்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் புத்தகங்கள் அதற்கப்புறம் என்ன ஆகின்றன என்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெட்டி பெட்டியாக வருகிற புத்தகங்களைப் பிரித்து அடுக்கும் வேலை பெரும்பாலும் எங்களைப் போன்ற அம்மாக்களுக்குத்தான் வரும். அதில் என்னென்ன இருக்கும் தெரியுமா? பழைய கைடுகள், வங்கித் தேர்வுக்கான புத்தகங்கள், இன்ஜினியரிங் படித்த பையன் வீட்டில் விட்டுப்போன தடித்த புத்தகங்கள், பளபளவென்று இருக்கும் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் நடுவில் உள்ள ஏதோ ஒரு தொகுதி. தமிழ்நாட்டில் 2018, 2019 ஆண்டுகளில் பாடப் புத்தகங்கள் முழுக்க மாறிவிட்டன, அதற்கு முந்தைய கைடை வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர் கடைக்குப் போட மனசு வராமல் பள்ளிக்கு அனுப்பி விடுகிறார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி படம் போட்ட தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்றுகூட இல்லாமல் போகும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் யார் என்று கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். அப்பா தறிக்குடோனில் நைட் ஷிப்ட், அம்மா பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை அல்லது செக்கிங். சில வீடுகளில் இரண்டு பேருமே தறி ஓட்டுகிறார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டிதான். அந்த வீடுகளில் அச்சடித்த எழுத்து என்று பார்த்தால் பாடப் புத்தகமும் தினக் காலண்டரும்தான் இருக்கும். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்துக் காட்ட ஆளில்லை, சோறாக்கிப் போட்டு அசந்து தூங்கும் அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் என்று ஒன்று கிடைத்தால் அது பள்ளிக்கூடத்தில்தான் கிடைத்தாக வேண்டும்.

எந்தப் புத்தகம் என்பதும் முக்கியம். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது எழுத்தே விட்டுப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர், அதைச் சரிக்கட்டத்தான் 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. இன்றைக்கும் ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையிடம் ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றது என்று எழுபது பக்கப் புத்தகத்தை நீட்டினால் வாங்கிக்கொள்ளும், திறந்து பார்க்கும், அப்புறம் நைசாகத் திருப்பி வைத்துவிடும். பக்கத்துக்கு இரண்டே வரி, பெரிய எழுத்து, எழுத்தைவிடப் படம் பெரிது என்று இருக்கிற ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள், முழுசாகப் படித்து முடித்துவிட்டு இன்னொன்று கேட்கும். அரசின் வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை எளிதிலிருந்து கடினம் வரை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், சின்னச் சின்னதாக, மெல்லிசாக. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்பைப் பார்த்துக் கொடுக்கிற முறை அது. நன்கொடை கொடுப்பவர்களும் அதே படிகளை மனதில் வைத்து வாங்கினால் எவ்வளவோ நல்லது. எங்கள் பள்ளி மாதிரிப் பள்ளிகளில் நுழை, நட இரண்டுக்கும்தான் பற்றாக்குறை அதிகம். கொடுப்பவர்கள் வாங்குவதோ பெரும்பாலும் பற.

சரி, நல்ல புத்தகமே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றிய நாளிலிருந்து அதற்குத் தலைமை ஆசிரியர்தான் பொறுப்பு, மாறுதலாகிப் போகும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும், தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்டால் காட்ட வேண்டும். கிழிந்தால், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பல பள்ளிகளில் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஆசிரியர்களைக் குற்றம் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை, அவர்கள் நிலைமை அப்படி. இந்தப் பயம் வீடு வரைக்கும் போகிறது. பிள்ளை கையில் புத்தகம் கொடுத்தனுப்பலாம் என்று கூட்டத்தில் பேசியபோது ஓர் அம்மா எழுந்து, "சின்னவன் கிழிச்சுப் போட்டான்னா காசுக்கு நாங்க எங்கீங்க போறது" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே!

இதற்கு வழி கொடுக்கிறவர்கள் கையில் இருக்கிறது. புத்தகத்தோடு ஒரு கடிதம் சேர்த்துக் கொடுங்கள். இவை பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பதற்காகக் கொடுக்கப்பட்டவை, கிழிந்தாலும் தொலைந்தாலும் யாரிடமும் காசு கேட்க வேண்டாம் என்று இரண்டு வரி, கீழே ஒரு கையெழுத்து. அதை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதிக்கொண்டால் தலைமை ஆசிரியருக்கும் தைரியம் வரும். கதைப் புத்தகம் கைமாறிக் கைமாறிக் கிழிவதில் எந்தத் தப்பும் இல்லை, அப்படிக் கிழிந்தால் அத்தனை பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாலு வருஷம் கழித்தும் புது வாசனையோடு பீரோவில் இருக்கிற புத்தகத்தைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசப் பழகிவிடுகிறார்கள், ஆனால் வாசிக்க நாளாகிறது. அவர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் நாலு கதைப் புத்தகம் இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! நேஷனல் புக் டிரஸ்ட் பல இந்திய மொழிகளில் குழந்தைகள் புத்தகம் போடுகிறது, விலையும் குறைவு. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கிறது, இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ள அனுமதியும் உண்டு. ஒரே கதையைத் தமிழில் ஒரு பிரதி, ஒடியாவில் ஒரு பிரதி என்று கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார்கள். எழுத்தை அச்சடிக்க நம் ஊரில் ஆளா இல்லை? தாளவாடிப் பக்கம் மலைக் கிராமங்களில் கன்னடம் பேசும் வீடுகள் நிறைய, அந்தப் பள்ளிகளுக்குக் கொடுப்பவர்களும் முதலில் அங்கே எந்த மொழிப் புத்தகம் தேவை என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

வாங்குவதற்கும் நம் பக்கம் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஜூலையில் கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு, வருஷ ஆரம்பத்தில் திருப்பூர். வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடியும் கிடைக்கும். 100 ரூபாய்க்குள் நல்ல சிறுவர் புத்தகங்கள் அங்கே நிறையவே இருக்கின்றன, 3,000 ரூபாய் இருந்தால் ஒரு வகுப்புக்குத் தாராளமாக வாங்கலாம். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஒரே தடவையில் ஐந்நூறு புத்தகத்தைக் கொண்டுவந்து இறக்கி, போட்டோ எடுத்துவிட்டுப் போவதைவிட, ஒவ்வொரு பருவத்துக்கும் இருபது முப்பது புத்தகமாகக் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் புதுசு வரப்போகிறது என்கிற ஆவலும் இருக்கும், போன தடவை எதை அதிகம் எடுத்தார்கள் என்று டீச்சரிடம் கேட்டு அடுத்த தடவை வாங்கவும் முடியும். ஒரே புத்தகத்தில் இரண்டு மூன்று பிரதி இருந்தாலும் வீண் இல்லை. ஒருத்தி படித்துச் சிரித்த கதையை அன்றைக்கே படிக்க வேண்டும் என்றுதான் அடுத்தவள் கேட்பாள்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். அரசாங்கத்தின் வேலைதான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் கதைப் புத்தகமும் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய் வரை என்று வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டியது எங்களைப் போன்ற மேலாண்மைக் குழுக்களின் பொறுப்பு, நாங்கள் கேட்கத்தான் போகிறோம். ஆனால் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும், நிதி வரும்வரை அது காத்திருக்காது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுத்தவர்களின் படத்தைப் போடுகிற அதே பக்கத்தில், வாரம் ஒரு பள்ளிக்கு என்ன புத்தகம் வேண்டும், எந்த மொழியில், எந்தப் படியில், எத்தனை என்று நாலு வரி போட முடியுமா? கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் என்று மாறி மாறி வந்தால் கொடுக்க நினைக்கிறவர்களுக்கும் வழி தெரியும். எங்கள் பள்ளிப் பட்டியலை அடுத்த கூட்டத்தில் டீச்சர்களோடு உட்கார்ந்து தயார் செய்து, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
பல்லடம் வட்டம்.