புரட்டாசி முடிந்த பிறகும்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மும்தாஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பாதி உன் மகள் சல்மா கறியை விட்டுவிட்டாள் என்ற புகார், மீதி ‘உன்னைப் பார்த்துத்தான் அவளும் கெட்டாள்’ என்று என்மேல் புகார். சரி, இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பாய்க்கு என் சலாம் சொல்லு. முட்டி வலி தேவலையா?

சத்தியமாக நான் அவளுக்கு எதுவும் ஓதவில்லை. போன லீவுக்கு இங்கே வந்திருந்தபோது, “ஏன் பெரியம்மா கறி விட்டீங்க?” என்று கேட்டாள். “புரட்டாசிக்கு விட்டேன், ஐப்பசி பிறந்ததும் திரும்ப ஆரம்பிக்கத் தோணலை” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நிஜமும் அதுதான். பெரிய ஞானோதயம் எல்லாம் இல்லை. ஒரு மாதம் இல்லாமல் இருந்த பிறகு கடையில் தொங்குவதைப் பார்த்தேன், வாங்கக் கை போகவில்லை.

இதில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. புரட்டாசியில் கறி வேண்டாம் என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. என் மாமியாரே எனக்குத் தனிச் சட்டி எடுத்து வைப்பார். வீட்டில் ஒருத்தர் மாலை போட்டால் அந்த வீடே சைவமாகிவிடுகிறது. ஆனால் தீபாவளியன்று காலையில், இட்லிக்குக் கறிக்குழம்பு ஊற்ற வரும்போது, “எனக்குச் சட்னி போதும்” என்று சொல்லிப் பார். “என்ன வேண்டுதல்?” “டாக்டர் சொன்னாரா?” “ஜோசியம் பார்த்தியா?” சாமிக்காக விட்டால் மரியாதை, நோய்க்காக விட்டால் பரிதாபம். நானாகத்தான் விட்டேன் என்றால் விசாரணை! குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஊரே உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் கறி ஆக்கிப் போடுகிற நாள். என் சித்தி கடைசிவரை நம்பவில்லை. “ஏதோ மனஸ்தாபம், அதான் நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டேங்கறா” என்று பக்கத்து வீட்டில் சொல்லி அழுதிருக்கிறார். ரசமும் அப்பளமுமாக இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுக் காட்டினேன். அப்போதும் முகம் தெளியவில்லை.

2014-ல் மத்திய அரசு எடுத்த கணக்கில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் என்று வந்தது. மிச்சமிருக்கும் இரண்டு மூன்று பேரில் போய் நாங்கள் சேர்ந்தால் கேள்வி வரத்தானே செய்யும்? எனக்காவது சொல்லிக்கொள்ள ஒரு புரட்டாசி இருந்தது. சல்மாவுக்கு அதுவும் இல்லை. அதனால்தான் அவள் பேச்சு அவ்வளவு காரமாக வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நாக்கைப் பற்றிக் கேட்டிருந்தாயே. எல்லோரும் பிரியாணியைத்தான் கேட்கிறார்கள். ஆம்பூர் பக்கத்திலேயே இருந்துகொண்டு எப்படி முடிகிறது என்று. பிரியாணி என்னை அவ்வளவாகப் படுத்தவில்லை மும்தாஜ். படுத்தியது கருவாடு. மழை நாளில் எதிர்வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுபடும் வாசனை வந்தால், கையில் இருக்கிற வேலை நின்றுபோகும். சூடான கேழ்வரகுக் களி, நடுவில் ஒரு குழி, அதில் கருவாட்டுக் குழம்பு. நம்ம வடாற்காட்டு நாக்கு அதில் வளர்ந்ததுதானே. இப்போது அதே புளி, அதே மிளகாய்த்தூளில் மொச்சைக்கொட்டையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் போட்டு வைக்கிறேன். புவிசார் குறியீடு வாங்கிய கத்தரிக்காய் என்பதற்காகச் சொல்லவில்லை, சதைப்பற்று அப்படி, குழம்பில் ஊறினால் ருசி தூக்கும். இருந்தாலும் கருவாடு இல்லாத குறை தெரிகிறது. தெரியட்டும். மீல் மேக்கரை வறுத்து “மட்டன் மாதிரியே இருக்கு பாருங்க” என்று நீட்டுகிறவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மட்டன் மாதிரியே வேண்டுமென்றால் மட்டனையே சாப்பிட்டுவிட்டுப் போகிறேனே!

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு. நான்தான் சமைக்கிறேன். “நீ சாப்பிடாததை எதுக்குத் தொடுறே?” என்று சல்மா என்னிடமே சண்டைக்கு வந்தாள். மஞ்சள் போட்டுக் கறியைக் கழுவுவது எனக்குக் கஷ்டமாக இல்லை, பழகின கை. உப்புப் பார்ப்பதுதான் பெரும்பாடு. நுரை அடங்கி எண்ணெய் மிதந்து வரும்போது வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். அவர் உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார், கரண்டி நுனியிலிருந்து நாலு சொட்டு விடுவேன். நக்கிவிட்டு, கண்ணை மூடி, ஏதோ தீர்ப்புச் சொல்கிற ஜட்ஜ் மாதிரி நிற்பார். “இன்னும் ரெண்டு கல்லு போடு.” மகனிடம் கேட்டுப் பயனில்லை, அவனுக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். மாமனார் திவசத்துக்கும் இப்படித்தான். அவருக்குப் பிடித்த தலைக்கறியும் ஈரல் வறுவலும் இல்லாமல் படையல் போட என் மனசு ஒப்பவில்லை. நான் விட்டது என் இலையில். அவர் இலையில் கை வைக்க நான் யார்?

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சைவம் என்றதுமே சிலருக்கு ஒரு தலைக்கனம் வந்துவிடுகிறது. காட்பாடிப் பக்கம் நாம் வாடகை வீடு தேடி அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? “சைவமா?” என்று கேட்டுவிட்டு, உன் பேரையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாரே ஒருவர். அந்தச் சைவம் நமக்கு வேண்டாம் என்று சல்மாவுக்கு எடுத்துச் சொல். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டு டீச்சர் ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். தலைமுறை தலைமுறையாகக் கறி அறியாத சமணக் குடும்பம், பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துக்கொள்பவர். மதியம் என் டப்பாவில் மீன் இருக்கும், பக்கத்தில்தான் உட்காருவார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

தோல் விஷயத்தில் மட்டும் பாய் பக்கம்தான் நான். தோல் ஷாப்பு சம்பளத்தில் படித்துவிட்டு, “உங்க தொழிலே பாவம்” என்று அப்பாவிடம் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எத்தனை குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது அதில்தான். கறிக்கு அறுத்தது போக மிஞ்சுகிற தோல்தானே அது என்பார் பாய். கறி விற்கிறதால் தோல், தோலும் விலை போவதால் கறிக்கடைக்கு லாபம் என்பாள் அவள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. என் காலிலும் தோல் செருப்புதான் கிடக்கிறது, அதைக் காட்டி ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட முடிந்தவர்கள் விடட்டும், என்னால் முடிந்தது இவ்வளவு.

அடுத்தது அவள் உடம்பு. இதில்தான் எனக்குக் கவலை. கறியை விட்டவள் அந்த இடத்தில் என்ன வைத்தாள்? சிப்ஸும் நூடுல்ஸும் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் சைவம்தான், ஆனால் சாப்பாடு இல்லை. வைட்டமின் பி12 செடி கொடியில் கிடைக்காது. பால், தயிர், முட்டையில் உண்டு. ஈரலில் சேர்ந்திருப்பதை வைத்து உடம்பு வருஷக்கணக்கில்கூட ஓட்டும் என்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு அசதி, கை கால் மரத்துப்போவது என்று வரும். முட்டை சாப்பிடுவாளா, கேள். மாட்டாள் என்றால் ரத்தம் கொடுத்து பி12, ஹீமோகுளோபின் இரண்டும் பார்த்துவிடுங்கள், மாத்திரை தேவையா என்று டாக்டர் சொல்லட்டும். முருங்கைக்கீரை, கொள்ளு, பச்சைப்பயறு, கேழ்வரகு தினம் ஏதாவது ஒன்று சேர். கீரையில் இருக்கிற இரும்பை, கறியில் இருப்பதைப் போல உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் கொஞ்சம் உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொல், அது கெடுக்கும். மீல் மேக்கரை நான் திட்டினாலும் எடையில் பாதி புரதம். அவளுக்குப் பிடித்தால் சாப்பிடட்டும், என்னிடம் கொண்டுவந்து நீட்டாமல் இருந்தால் சரி.

அப்புறம், உன் தங்கை மகள் நிக்காஹுக்குக் கட்டாயம் வருகிறேன். ‘உனக்கு மட்டும் பீஸ் இல்லாமல் குஸ்கா வைக்கச் சொல்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். அடியே, அதே தேக்சாவில் கறியோடு வெந்த அரிசிதானே அதுவும்? எனக்கும் சல்மாவுக்கும் வெள்ளைச் சோறும் தொட்டுக்க பிரியாணிக்கு வைக்கிற கத்தரிக்காய்த் தொக்கும் போதும். தால்ச்சாவில் எலும்பு போடுவார்களா என்று சமையல் பண்டாரியிடம் முன்கூட்டியே கேட்டு வை. உங்களோடு அதே பந்தியில்தான் உட்காருவேன், தனி மேசை போட்டு வைக்காதே.

வரும்போது இலவம்பாடிக் கத்தரிக்காய் ஒரு பை கொண்டுவருகிறேன். நீ சீரகச்சம்பா ரெண்டு கிலோ வாங்கி வை, பழைய அரிசியாகப் பார்த்து வாங்கு. போன தடவை வாங்கினது குழைந்துவிட்டது.

அன்புடன்,
கலா